பனிக்குச் சாத்திய யன்னல்

கொழும்பில் குளிர்காலமே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். என் வயதுக்காரர்களே, அதிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளில் வளர்ந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள். தை மாத விடியலில் தலையில் ஒரு துவாயைச் சுற்றாமல் உங்களை யார் வாசற்படி தாண்ட விட்டார்கள்? பள்ளிக்கூட வாசல்வரை துவாயோடு போய், அங்கே அதை அவிழ்த்துப் புத்தகப் பைக்குள் திணித்தவர்கள் எத்தனை பேர்? சிரிக்காதீர்கள். எல்லாரையும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது அந்தத் துவாயின் இடத்துக்குப் போன் வந்திருக்கிறது. வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருக்கிறேன். ரயில் பாதைக்கு அப்பால் கடல். போன வருடம் மகன் வந்து நின்றபோது, காற்றின் தரத்தைக் காட்டும் ஏதோ ஒன்றைப் போனில் போட்டுத் தந்துவிட்டுப் போனான். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் அது பச்சையாகவே இருக்கும். நானும் அதை மறந்து போவேன். மார்கழி பிறந்து காற்று வடக்கிலிருந்து வரத் தொடங்கியதும் மஞ்சளாகும், செம்மஞ்சளாகும், சில காலைகளில் சிவந்தே விடும். கடலுக்கு அந்தப் பக்கத்துப் புகையும் தூசும் மிதந்து வந்து நம் பஸ்களின் புகையோடு சேர்ந்துகொள்கிறதாம். சிவப்பைக் கண்டால் எழும்பி எல்லா யன்னலையும் சாத்துவேன். கொஞ்ச நேரத்தில் வியர்த்து வழியும். திறப்பேன். போனைப் பார்ப்பேன். மறுபடி சாத்துவேன்.

"யன்னலோட உனக்கென்ன சண்டை, பிள்ளை?" என்று கேட்பார் அம்மா.

அம்மா தொண்ணூறைத் தாண்டியவர். கண் மங்கல், காது மட்டும் கூர்மை. யன்னல் கொண்டி விழும் சத்தத்தை வைத்தே நான் எந்த அறையில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவார்.

சண்டை பழையது. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, இப்படி ஒரு வாடைக்காலத்தில்தான் என் அக்காவை வீட்டை விட்டு அனுப்பினார்கள். கொழும்புக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அப்படித்தான் நானும் வெகுகாலம் நம்பினேன்.

எங்கள் வீடு துறைமுகத்தை ஒட்டிய சந்து ஒன்றில் வரிசை வீடாக இருந்தது. முன்னறை, நடுவறை, குசினி, அவ்வளவுதான். யன்னல் என்று சொல்லக் கூடியது நடுவறையில் மட்டும் இருந்தது; பச்சை வர்ணம் அடித்த இரட்டை மரக்கதவு, சந்தைப் பார்த்தபடி. அதன் கீழேதான் அக்காவும் நானும் படுக்கும் கட்டில். எதிர்ச் சுவரில் மாதா படம். படத்துக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு, அதில் ஒரு சிவப்பு விளக்கு. அம்மாவின் தையல் மெஷினும் அந்த அறைக்குள்தான் முடங்கிக் கிடந்தது.

வைகாசி பிறந்தால் கடற்காற்று வீட்டுக்குள் நேராக வரும். உப்பு ஒட்டிய காற்று. கொடியில் போட்ட துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, கப்பல் சங்கு காதுக்குள்ளேயே ஊதுவது போலக் கேட்கும். அம்மா அதைத் திட்டுவார். ஆனால் அந்த மாதங்களில் அக்கா நன்றாக இருப்பாள். மார்கழியில் எல்லாம் மாறிவிடும். கடல் அசையாமல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். காற்று நிலப்பக்கமிருந்து மெதுவாக வரும், சில நாள் வரவே வராது. விடியலில் சந்து முனையிலிருந்த விளக்குக் கம்பம் தெரியாது. கோயில் கோபுரத்தின் மேல்பாதி மட்டும் வானத்தில் நிற்கும்.

அந்த மூட்டத்துக்குள் என்னென்ன இருந்தன என்று இன்று என்னால் மணத்தை வைத்தே பிரித்துச் சொல்ல முடியும். சந்து முனையில் குப்பை எரிப்பார்கள். லொறிகள் துறைமுக வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே வரிசையில் நிற்கும். தேங்காயெண்ணெய் ஆலையிலிருந்து ஒரு கருகல் மணம். அப்பா துறைமுகத்தில் கிளார்க். கப்பலில் நிலக்கரி இறக்கிய நாளில் அவருடைய வெள்ளைச் சேட்டின் கழுத்துப்பட்டி கறுத்துப் போய் வரும். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே பெயர்தான். பனி.

பனி படக்கூடாது. பனியில் தலை முழுகக்கூடாது. பனிக்காலத்தில் வாழைப்பழம் தின்னக்கூடாது, தோடம்பழம் பக்கமே போகக்கூடாது, முற்றத்தில் துணி காயப் போட்டால் பொழுது சாயும் முன் எடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுப் பட்டியல் இதைவிட நீளமாகக்கூட இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கடுமையாக இருந்ததற்குக் காரணம் அக்காவின் முட்டு.

மூச்சு இழுக்கும் அந்த நோயைத் தொய்வு என்று டொக்டர் சொன்னார், முட்டு என்று நாங்கள் சொன்னோம். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். நெடுத்த உடம்பு, நீளக் கழுத்து, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. முட்டு வந்தால் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்துவிடுவாள். பழைய சைக்கிள் பம்பு போல ஒரு சத்தம் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து வரும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இருக்க முடியாது. எழும்பி முன்னறைக்குப் போவேன், குசினிக்குப் போவேன், தண்ணீர் குடிப்பேன், திரும்பி வருவேன். "சும்மா ஒரு இடத்தில இரு, எனக்குத் தலை சுத்துது" என்பாள் அக்கா, மூச்சுக்கு நடுவில்.

அந்த வருடம் முட்டு முன்னைவிடக் கடுமையாக வந்தது. டொக்டர் இளஞ்சிவப்பு மருந்துத் தண்ணீர் ஒரு போத்தல் கொடுத்தார். அம்மா அதோடு நிற்கவில்லை. மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தார். தவக்காலம் தொடங்கும்வரை ஒவ்வொரு பின்னேரமும் மாதா படத்தின் முன் சாம்பிராணித் தூபம் போட்டுச் செபமாலை சொல்வதாக. தூபம் கெட்ட காற்றையும் கலைக்கும், நேர்த்தியும் நிறைவேறும். எங்கள் சந்தில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அப்பா தம் பங்குக்கு யன்னலைக் கவனித்தார். கோதுமை மாவில் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கீலம் கீலமாகக் கிழித்து, யன்னல் கதவுக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடுக்கெல்லாம் ஒட்டினார். ஒரு பக்கக் கதவை மட்டும் பகலில் திறக்க விட்டிருந்தார். "ஒரு துளி பனி உள்ள வரட்டும் பாப்பம்" என்று கையைத் தட்டிக்கொண்டு நின்றது கண்ணில் நிற்கிறது. அவர் வாயில் ஒரு சிகரெட்டும் இருந்தது.

பின்னேரம் ஆனதும் அந்த ஒரு கதவையும் சாத்திக் கொண்டி போடுவார்கள். அம்மா குசினியிலிருந்து மண் தூபக்காலில் சிரட்டைக் கரி நெருப்பைக் கொண்டு வந்து மாதா படத்தின் கீழ் வைப்பார். சாம்பிராணித் தூளைத் தூவுவார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பி மாதாவின் முகத்தை மறைக்கும். மணம் என்று கேட்டால், அதைவிட நல்ல மணம் எனக்கு இன்றும் தெரியாது. கட்டிலின் கீழ் கொசுவை விரட்டும் நுளம்புத் திரியும் எரியும். செபமாலை முடிவதற்குள் எதிரே இருக்கும் அப்பா எனக்கு மங்கலாகத் தெரிவார். "அக்காவுக்குக் கிட்ட கொண்டு போங்கோ, நெஞ்சில படட்டும்" என்று அம்மா சொல்ல, அப்பா தூபக்காலை எடுத்து அக்காவைச் சுற்றிக் காட்டுவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். பக்தியில் மூடியிருக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு விடியலில் கண் விழித்தபோது அக்கா கட்டிலில் முழந்தாளிட்டு, யன்னல் ஓரத்தில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள். திறக்கும் பக்கத்துக் கதவின் அடியில் ஒரு வெறும் நூல்கட்டையைச் செருகியிருந்தாள். அம்மாவின் தையல் மெஷினில் நூல் தீர்ந்த மரக்கட்டை. விரல் போகும் அளவுக்கு ஒரு இடுக்கு. அதன் வழியாக அந்தப் பனி முழுவதும் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"முட்டு வரும் அக்கா!"

"வராது. ஒருத்தருக்கும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. பின்னேரம் தூபம் அடங்கியதும் அக்கா கட்டையைச் செருகுவாள். காலையில் அம்மா வருவதற்கு முன் எடுத்துத் தலையணை உறைக்குள் போடுவாள். பிறகு ஒரு நாள் கட்டையைக் காணவில்லை. சந்தில் விழுந்திருக்கும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் வாய்க்கால் முழுவதும் தேடினேன். சாக்கடையில் கையை விட்டதற்கு வாத்தியார் அடித்ததுதான் மிச்சம். வேறொரு கட்டை எடுக்கலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. எனக்கு அது விளங்கவில்லை.

மாசியில் மாதா திருநாள் வந்தது. பின்னேரம் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிவருவார்கள். அக்காவைப் பனியில் விடவே மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அப்பாதான், மாதாவோடு நடக்கிற பிள்ளைக்கு மாதா பார்த்துக்கொள்வா என்று சொல்லி விட வைத்தார். வெள்ளைச் சட்டை, தலையில் முக்காடு, முக்காட்டின் கீழ் கம்பளித் தொப்பி, கழுத்தில் அப்பாவின் மஃப்ளர். பாவம், அக்கா அந்தச் சுமையோடு துறைமுக மதில் ஓரமாகக் கோயில்வரை நடந்தாள். பாட்டும் பாடினாள். நான் பக்கத்திலேயே நடந்து அவள் நெஞ்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒன்றும் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் மஃப்ளரைக் கழற்றி என் தலையில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அம்மா அழுதுவிட்டார். மாதா கண் திறந்துவிட்டா என்று அயல் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். நடுவறை நிரம்ப ஆட்கள். யன்னலைச் சாத்தி, நன்றி சொல்வதற்கென்று வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாம்பிராணி போட்டார்கள். மெழுகுதிரிகள் வேறு. அக்காவை மாதா படத்துக்கு நேர் கீழே உட்கார்த்தி வைத்தார்கள். செபமாலையில் மூன்றாவது மறையுண்மை சொல்லும்போது அந்தப் பம்புச் சத்தம் கேட்டது. நான்தான் முதலில் கேட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் உதடு நீலமாக இருந்தது.

அயல்வீட்டு மாமாவின் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். உயிரோடு திரும்பி வந்தாள். பனியில் நடக்க விட்டது தாம்தான் என்ற எண்ணம் அப்பாவை அரித்தது. அம்மாவும் அதையே நினைத்தார், ஆனால் சொல்லவில்லை. பெரியவர்கள் இருவரும் ஒரு பிழையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள், அதுவும் செய்யாத பிழையை. யன்னல் மட்டும் சாத்தியே கிடந்தது. தூபமும் நிற்கவில்லை; நேர்த்தி அல்லவா.

அப்போதுதான் மன்னாரிலிருந்து மாமி வந்து இறங்கினார். அப்பாவின் அக்கா, புருசன் இறந்தவர், பிள்ளை இல்லாதவர். ஓலைப் பெட்டி நிறையக் கருவாடு, தலையைச் சுற்றி எதுவும் இல்லை. சாத்திய வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுளித்தார். அக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளையை என்னோட விடு தம்பி. அங்க ஒரு துளி பனி இல்ல. காய்ஞ்ச காத்து. துணி போட்டா போட்ட கையோட காயும். பிள்ளையிட நெஞ்சும் காயும்."

"பள்ளிக்கூடம்?" என்றார் அப்பா.

"மன்னாரில பள்ளிக்கூடம் இல்லாமலோ? சோளகம் தொடங்கினாப் பிறகு நீ வந்து கூட்டிக்கொண்டு போ."

டொக்டரும் காற்று மாறினால் நல்லது என்றுதான் சொல்லியிருந்தார். அம்மா நெடுநேரம் மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "சோளகம் வரைக்கும்" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவை விட மாட்டேன் என்று அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. எனக்கும் முட்டு வந்தால் என்னையும் மன்னாருக்கு அனுப்புவார்கள்தானே? தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து, பம்புச் சத்தம் போட்டேன். "ஐயோ, இவளுக்கும் பனி பட்டிட்டுது" என்று அம்மா என் தலையில் இரண்டு துவாய் கட்டி, தூபக்காலை என் மூக்கடிக்கே கொண்டு வந்தார். புகையில் உண்மையாகவே இருமி இருமிக் கண்ணீர் வந்தது. அக்கா கட்டிலில் இருந்து சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு என்னைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டாள்.

மருதானை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டோம். ரயில் நகர்ந்ததும் அக்கா யன்னலுக்கு வெளியே தோள்வரை தலையை நீட்டினாள். அம்மா பிளாட்பாரத்தில் கூடவே ஓடினார்.

"தலையை உள்ள எடு! பனி படும்! தலையை உள்ள எடு, மகள்!"

அக்கா எடுக்கவில்லை. முக்காடு பறந்து போனது. வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டே போனாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றும் என் கை யன்னல் கொண்டிக்குப் போகும்.

பெரிய வெள்ளிக்கு முன் வீடு வெள்ளையடிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா மாதா படத்தைக் கழற்றினார். படம் தொங்கிய இடம் மட்டும் பளிச்சென்று நீள்சதுரமாக வெள்ளையாக இருந்தது. சுற்றியிருந்த சுவர் முழுவதும் பழுப்பு, மேலே போகப் போகக் கறுப்பு. அம்மா ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். அப்படியே நின்றார். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன்.

"என்ன அம்மா?"

"ஒண்டுமில்ல. போய்த் தண்ணி மாத்திக்கொண்டு வா."

திரும்பி வந்தபோது அம்மா, யன்னலில் அப்பா ஒட்டிய பேப்பர்க் கீலங்களை நகத்தால் சுரண்டிக் கிழித்துக்கொண்டிருந்தார். இரண்டு கதவையும் விரியத் திறந்தார். அன்றைக்கே, ஆள் வரக் காத்திராமல், தாமே சுண்ணாம்பைக் கரைத்து அந்தச் சுவரை அடித்து முடித்தார். தவக்காலம் போய் உயிர்ப்புப் பாஸ்கு வந்தது. தூபக்கால் குசினியில் கவிழ்ந்து கிடந்தது. பிறகு அதையும் காணவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சாம்பிராணி போடவில்லை. "உனக்கும் மாதாவுக்கும் கோவமோ?" என்று அப்பா பகிடி பண்ணினார். அம்மா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தார்.

சோளகம் வந்தது. கடற்காற்று நடுவறைக்குள் புகுந்து செபமாலை மணிகளை ஆட்டியது. நான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்றேன். வகுப்பு முடியட்டும் என்றார்கள். பிறகு அங்கே கெட்டிக்காரியாகப் படிக்கிறாளாம், குழப்ப வேண்டாம் என்றார்கள். பிறகு மாமிக்கும் துணை வேண்டுமே என்றார்கள். மார்கழியில் நத்தாருக்கு வருவாள், போவாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விருந்தாளியாகவே வந்தாள். மன்னாரிலேயே கலியாணம் கட்டினாள். பிறகு யுத்தத்தில் பாதைகள் பூட்டின காலம் வந்தது. அப்பாவின் செத்த வீட்டுக்குக்கூட அவளால் வர முடியவில்லை. என் அக்காவின் பாதி வாழ்க்கை எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்தது.

இந்தத் தையில் கண் ஒப்பரேஷனுக்காக அக்கா வந்து என்னோடு நின்றாள். தலை முழுக்க வெள்ளை, கழுத்து மட்டும் அதே நீளம். கைப்பையில் முட்டுக்கு உறிஞ்சும் பம்பு. கட்டுப் போட்ட கண்ணோடு அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். போனில் பார்த்தேன், கடும் சிவப்பு. கடலே தெரியவில்லை. ஓடிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

"திற," என்றார் அம்மா.

"கூடாத காத்து அம்மா. போன் சொல்லுது. அக்காவுக்குப் பனி..." என் வாயில் அந்தச் சொல் எப்படி வந்ததோ தெரியாது.

"திற எண்டு சொன்னனான். என்ர பிள்ளை இருக்கிற அறையை இனி ஒருத்தரும் சாத்தக் கூடாது."

நான் கொண்டியில் கையை வைத்தபடியே நின்றேன். அம்மா யாரையும் பார்க்காமல் கதைத்தார்.

"சுவரைத் துடைச்சனான். துணி கரிச்சட்டி துடைச்ச மாதிரி வந்தது. என்ர கையால போட்ட சாம்பிராணி. பிள்ளையை அதுக்குக் கீழ இருத்தி வச்சனான். அந்த நூல்கட்டையை எடுத்ததும் நான்தான். பனி வரும் எண்டு எடுத்தனான்."

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "புகை வந்தா முட்டு வரும் எண்டு எனக்கு அப்பவே தெரியும் அம்மா."

"தெரிஞ்சா ஏன் சொல்லேல்ல?"

"எனக்காகத்தானே நேர்த்தி வச்சனீங்கள். முழந்தாளில நிண்டு அழுதனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தொண்ணூறு வயதுக் கிழவியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. "பெரிய வெள்ளிக்கு முந்தியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சோளகத்துக்கு ஏன் அக்காவைக் கூப்பிடேல்ல? நான் ஒவ்வொரு நாளும் வாசல்ல நிண்டனான்!"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவையே பார்த்தாள். "ஓம் அம்மா. ஏன்?"

அம்மாவின் கை சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தது.

"கூப்பிட்டா ஏன் எண்டு சொல்ல வேணுமே. அப்பாவுக்கு, மாமிக்கு, சந்தில இருக்கிற எல்லாருக்கும். பெத்தவளே பிள்ளைக்குப் புகை போட்டு முட்டு வர வச்சவள் எண்டு. இந்த மாசம் போகட்டும் எண்டன். இந்த வருசம் போகட்டும் எண்டன். பிறகு கூப்பிட வாய் வரேல்ல."

"முட்டுக்காரப் பிள்ளை வேண்டாம் எண்டு விட்டிட்டீங்கள் எண்டு நினைச்சன்," என்றாள் அக்கா. "அங்கயும் முட்டு வந்தது அம்மா. சோளகத்துக்கு மணல் கிளம்பும், கண் வாய் எல்லாம் மணல். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொன்னா மாமியும் வேற எங்கயாவது அனுப்பிப் போடுவா எண்டு பயம்."

அம்மா கையை நீட்டினார். கண் தெரியாமல் அது முதலில் கதிரைப் பிடியைத் தொட்டது, பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இப்ப கூப்பிடுறன். வீட்டை வா, மகள்."

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. கட்டுப் போட்ட கண்ணுக்கு அழக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"அங்க ரெண்டு ஆடு நிக்குது அம்மா. ஆர் பாக்கிறது?"

"ஆட்டையும் கொண்டு வா."

நான்காம் மாடிக்கு, லிப்டில், ஆடு. அக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்புக்குள் அந்தப் பழைய பம்புச் சத்தம் வந்தது. "கொண்டு வாறன் அம்மா," என்றாள், மூச்சுக்கு நடுவில். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. மன்னாரில் அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, புருசனின் கல்லறை இருக்கிறது.

மேசையில் போன் சிவந்து கிடந்தது. அந்தக் காலத்துப் பனியும் இதே சிவப்பாகத்தான் இருந்திருக்கும். அம்மா அதற்குப் பயந்ததும் முழுப் பிழை என்று சொல்வதற்கில்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு யன்னலின் ஒரு கதவைத் திறந்தேன். அம்மா தலையைச் சாய்த்துக் கொண்டியின் சத்தத்தைக் கேட்டார்.

"மற்றதையும்," என்றார்.